பாடத்திட்டம் இல்லாத முதல் ஆண்டு

வாசகர் கேள்வி – பதில்

டிசம்பர் பிற்பாதியில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, பட்டப்படிப்பையோ மேற்படிப்பையோ அண்மையில் முடித்தவர்கள் எழுதியவை. புத்தாண்டில் வாசிக்கவேண்டும், வரையவேண்டும், ஏதேனும் ஒரு கலையைக் கற்கவேண்டும் என்ற ஆசை எல்லாவற்றிலும் இருந்தது. கூடவே தவறாமல் ஓர் எண்ணும் இருந்தது. இத்தனை புத்தகம், இத்தனை ஓவியம், இத்தனை நாள். அந்த எண்களைப் பற்றி எனக்குச் சில ஐயங்கள் உண்டு என்பதால், இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: முதுகலைப் படிப்பை முடித்துச் சில மாதங்கள் ஆகின்றன. பள்ளி நாட்களில் போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு கதை படித்தவள் நான். கல்லூரியில் சேர்ந்தபின் ஐந்து ஆண்டுகளில் பாடநூலுக்கு வெளியே மூன்று புத்தகங்களைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. அதை ஈடுகட்ட, வாரத்துக்கு ஒன்று என்று வரும் ஆண்டில் 52 புத்தகங்கள் படிக்க முடிவு செய்து பட்டியலும் போட்டுவிட்டேன். ஒத்திகை பார்க்கலாம் என்று இப்போதே உட்கார்ந்தால், பத்துப் பக்கத்துக்குள் கண் சொக்குகிறது. படித்த பக்கத்தையே மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். வாசிக்கும் திறனே போய்விட்டதா?

பதில்: போகவில்லை. ஐந்து ஆண்டுகளாக அது வேறொரு வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பக்கத்தைப் பார்த்தவுடன் இதில் எது கேள்வியாக வரும், எதை மனப்பாடம் செய்யவேண்டும், எதைத் தாண்டிப் போகலாம் என்று துழாவியே பழகிய கண், கதைப் புத்தகத்திலும் அதையே தேடுகிறது. அங்கே அப்படி எடுத்துக்கொள்ள ஒன்றும் அகப்படாததால் சலித்துப்போகிறது. இதை நான் பட்டு அறிந்திருக்கிறேன். படிப்பை முடித்த ஆண்டில் வாசித்த ஒரு துப்பறியும் நாவலை நெடுநாள் கழித்து மீண்டும் எடுத்தபோது, கொலை நடந்த இரவில் அந்த வீட்டில் இருந்தவர்களின் பெயர்களுக்கெல்லாம் பென்சிலால் கோடிட்டு, பக்க ஓரத்தில் 'ஐந்து மதிப்பெண்' என்று நானே எழுதி வைத்திருந்ததைக் கண்டேன். வேடிக்கைக்காக எழுதினேனா, உண்மையாகவே எழுதினேனா என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

அந்த 52க்கு வருவோம். புத்தகம் ஒன்று சராசரியாக 250 பக்கம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு ஒன்று என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 பக்கம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்பவருக்கு அது தினமும் 72 நிமிடம். காய்ச்சல் கண்ட நாள், பயணம் போன நாள், வீட்டுக்கு விருந்தினர் வந்த நாள் எதற்கும் விலக்கில்லாத 72 நிமிடம். கட்டுப் பிரித்த காலோடு மறுநாளே ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பவரைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றுமோ, அதுவே உங்கள் பட்டியலைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. பக்கத்துக்கு இரண்டு நிமிடம் எடுக்கும் அதே வாசகர் நாள்தோறும் இருபது நிமிடம் மட்டும் உட்கார்ந்தால் பத்துப் பக்கம் நகரும். ஆண்டு முடிவில் 3,650 பக்கம், அதாவது பதினான்கு புத்தகங்களுக்குச் சற்று மேல். ஐந்து ஆண்டில் மூன்று என்று இருந்தவர் ஓராண்டில் பதினான்கு படித்தால் அது பெரிய மாற்றமே.

எண்ணிக்கை இலக்கின்மேல் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. நவம்பர் மாதத்தில் 41இல் நிற்பவர், எவ்வளவு ஆசை இருந்தாலும் 900 பக்க நாவலைத் தொடமாட்டார். அலமாரியில் மெலிந்த புத்தகங்களாகப் பார்த்துத்தான் கை போகும். எதைப் படிப்பது என்பதை அந்த எண் தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது. எந்தப் பாடத்திட்டத்திலிருந்து இப்போதுதான் விடுபட்டீர்களோ, அதையே வேறு உருவத்தில் வீட்டுக்குள் அழைத்து வந்திருக்கிறீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டீர்கள் என நம்புகிறேன். ஆகவே இலக்கை நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம். எந்தப் புத்தகம், எத்தனை பக்கம் என்பது அன்றன்றைய மனநிலைக்கு உரியது.

வேகத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2019இல் மார்க் பிரிஸ்பார்ட் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆங்கிலத்தில் புனைவல்லாத நூல்களை மௌனமாக வாசிக்கும் வயதுவந்தவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று கணக்கிட்டார். அதைத் தமிழுக்கு அப்படியே பொருத்திப் பார்த்து மனம் உடையவேண்டாம். 'வரவேண்டியிருந்திருக்கும்' என்று நாம் ஒரே சொல்லில் எழுதுவதை ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாகப் பிரித்துத்தான் எழுதமுடியும். சொல் எண்ணிக்கையை வைத்து இரண்டு மொழிகளையும் ஒப்பிடுவது முழத்தையும் மீட்டரையும் கலந்து அளப்பதற்குச் சமம். உங்கள் வேகம் தெரிந்தே ஆகவேண்டும் என்றால், கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் பதினைந்து நிமிடம் வாசித்துப் பக்கங்களை எண்ணுங்கள். நாவலுக்கு ஒரு கணக்கும் கட்டுரைக்கு வேறொரு கணக்கும் வரும். மூன்றாம் நாளோடு கடிகாரத்தை அப்புறப்படுத்திவிடுங்கள்.

முதலில் எதை எடுப்பது? பட்டியலில் இருக்கும் கனமான நூல்களை இப்போதைக்கு விட்டுவிட்டு, போர்வைக்குள் படித்த அந்தப் புத்தகங்களுள் ஒன்றைத் தேடி எடுங்கள். கதை முன்பே தெரியும் என்பதால் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டிய பதற்றம் இருக்காது. சொற்களின் போக்கில் கண் தானாக ஓடும். இரண்டு, மூன்று வாரம் அப்படிப் படித்தபின் புதிய நூலுக்குப் போகலாம். வாசிக்கும்போது கையில் பென்சில் வேண்டாம். படுக்கையில் வேண்டாம், உட்கார்ந்து படியுங்கள். கண் சொக்குவதற்குப் பாதிக் காரணம் படுக்கையாகவும் இருக்கலாம்.

கேள்வி: தினமும் ஓர் ஓவியம் என்று தொடங்கினேன். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் வெளியூர் போனதில் விட்டுப்போயிற்று. மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணவேண்டுமா?

பதில்: வேண்டாம். பதின்மூன்றாம் நாள் ஓவியத்தை வரையுங்கள்.

இந்த 21 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர், சிகிச்சைக்குப் பின் தம்முடைய நோயாளிகள் கண்ணாடியில் தெரியும் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்களாவது ஆவதாக 1960இல் எழுதினார். அதிலிருந்த 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. முகத்துக்குப் பழகுவது என்பது எல்லாவற்றுக்கும் பழகுவதாக விரிந்துவிட்டது. உண்மையில் அளந்து பார்த்தவர்கள், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான ஏதேனும் ஒரு சிறு செயலைத் தேர்ந்துகொண்ட 96 பேரை அவர்கள் 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வருவதற்கான கால மதிப்பீடு, ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுமதிப்பு 66 நாள். ஓவியம் வரைவது அந்த ஆய்வில் இல்லை. ஒரு குவளை தண்ணீர் குடிப்பதைவிட அது கடினமான செயல் என்பதால், உங்களுக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும் என்று வைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு வேண்டிய செய்தி அந்த ஆய்விலேயே இருக்கிறது: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை. எனவே விட்ட நாளுக்குத் தண்டனையாக மறுநாள் இரண்டு ஓவியம் வரையவேண்டாம். தொடர்ந்து மூன்று, நான்கு நாள் விட்டுப்போனால் மட்டும் காரணத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வேலையின் அளவு பெரிதாக இருக்கும். முழு ஓவியம் என்பதை ஒரு பொருள், ஐந்து நிமிடம் என்று சுருக்கிவிடலாம்.

'நேரம் கிடைக்கும்போது வரைவேன்' என்பவருக்கு நேரம் கிடைப்பதில்லை. எப்போது, எங்கே, எதை முடித்தபின் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்பவர்கள் எண்ணியதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் 1990களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். என் வழக்கத்தைச் சொல்கிறேன். இரவு விளக்கை அணைக்குமுன் நோட்டின் அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து, மூலையில் மறுநாள் தேதியை எழுதி, சீவிய பென்சிலைக் குறுக்கே வைத்துவிடுவேன். காலையில் மேசைக்கு வந்தால் பாதி வேலை நடந்து முடிந்ததுபோல் அந்தப் பக்கம் காத்திருக்கும். தேதி எழுதிய பக்கத்தை வெறுமையாகப் புரட்டுவதற்கு மனம் அவ்வளவு எளிதில் இணங்காது.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தொடங்குவேன், பிப்ரவரியில் நின்றுவிடும். இந்த ஆரம்பசூரத்தனத்துக்கு மருந்து உண்டா?

பதில்: ஜனவரி முதல் தேதிக்கு மட்டுமே அந்தச் சக்தி இருப்பதாக நினைப்பதுதான் சிக்கல். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தின் தொடக்கம், மாதத்தின் தொடக்கம், பிறந்தநாளுக்கு அடுத்த காலம் ஆகியவற்றிலும் மக்கள் புதிய முயற்சிகளில் கூடுதலாக இறங்குவதைக் காட்டினார்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு ஆண்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட திங்கட்கிழமைகள் இருக்கின்றன. பிப்ரவரியில் நின்றது பிப்ரவரியிலேயே தொடங்கலாம். அடுத்த டிசம்பர் வரை துக்கம் காக்கவேண்டியதில்லை.

கேள்வி: தொடங்கிய புத்தகத்தை முடிக்காமல் வைத்துவிட்டால் குற்ற உணர்வாக இருக்கிறது. அதனால் பிடிக்காத ஒரு நாவலோடு இரண்டு மாதமாகப் போராடுகிறேன். பாதியில் நிறுத்தலாமா?

பதில்: இன்று இரவே நிறுத்தலாம். பாடநூலைப் பாதியில் விட்டால் தேர்வில் அடிவிழும் என்ற அச்சத்தின் எச்சம் இது. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கென ஒரு விதி வகுத்திருக்கிறார். ஐம்பது பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையென்றால் வைத்துவிடுங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள அத்தனை பக்கம் மட்டும் படித்துப் பார்த்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பதே பக்கம். வாழ்நாள் குறையக் குறையப் பொறுமையும் குறையலாம் என்ற அந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நம்முடைய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. நூலகங்களுக்காக எழுதப்பட்ட விதிகள் என்றாலும், உங்கள் மேசைக்கும் பொருந்தும். இரண்டு மாதமாக நீங்கள் பிடித்து வைத்திருக்கும் அந்த நாவலுக்கு உரியவர் வேறு எங்கேயோ காத்திருக்கலாம். அவரிடம் போக விடுங்கள்.

கேள்வி: படித்ததெல்லாம் ஒரு மாதத்தில் மறந்துவிடுகிறது. குறிப்பெடுத்துப் படிக்கலாம் என்றால் மறுபடியும் தேர்வுக்குப் படிப்பதுபோல் ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று யார் சொன்னது? நன்றாகச் சிரித்துப் படித்த ஒரு கதையின் முடிவு மறந்துபோனால், அதை இரண்டாவது முறை புதிதாகப் படிக்கலாம் என்று மகிழ்பவன் நான். ஆனால் ஒரு துறையை அறிந்துகொள்ளவேண்டும் என்ற எண்ணத்தோடு வரலாறு, அறிவியல் போன்றவற்றை வாசிப்பவருக்கு மறதி ஒரு குறைதான். அவர்களுக்குக் குறிப்பெடுப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இருவர் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஓர் உரைநடைப் பகுதியை ஒருமுறை படித்தபின், மாணவர்கள் அதை மறுபடி படித்தார்கள், அல்லது தாளை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாக மாறிவிட்டது: மறுபடி படித்தவர்களுக்குச் சுமார் 42 விழுக்காடும், மூடிவைத்து எழுதியவர்களுக்குச் சுமார் 56 விழுக்காடும் நினைவில் இருந்தன. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்து எழுதும் குறிப்புகள் கையை மட்டும் களைப்படையச் செய்கின்றன என்பது என் அனுபவமும்கூட.

ஆகவே அன்றைய வாசிப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். தேதி, நிறுத்திய பக்கம், மனதில் தங்கியது என்ன என்பதை இரண்டு, மூன்று வரியில் எழுதுங்கள். சுருக்கம் எழுதவேண்டாம், தங்கியதை மட்டும். என் நாட்குறிப்பிலிருந்து சில வரிகள் இப்படி இருக்கின்றன: "பக்கம் 64. தந்தை கடிதத்தைப் பிரிக்காமலே சட்டைப்பைக்குள் வைக்கிறார். ஏன் பிரிக்கவில்லை என்று ஆசிரியர் கடைசிவரை சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்." நான்கு நாள் கழித்து: "பக்கம் 118. சொல்லிவிட்டார். ஏமாற்றம்." அதற்குப் பிறகு: "பக்கம் 130. தலைவலி. ஒன்றும் தங்கவில்லை." மூன்றாவது வகைக் குறிப்பும் செல்லும். மதிப்பெண் போட ஆளில்லை என்பதுதான் இந்த நோட்டின் சிறப்பு.

கேள்வி: ஓவியம் பழகத் தொடங்குபவர் எந்தெந்தப் பென்சில்கள், எந்தத் தாள் வாங்கவேண்டும்? பெரிய பெட்டியாக வாங்குவது நல்லதா?

பதில்: எச்.பி, 2பி, 4பி என்ற மூன்று பென்சில்கள், ஓர் அழிப்பான், கோடிடாத ஒரு நோட்டு. பென்சில் குச்சியில் கிராஃபைட்டோடு களிமண்ணும் கலந்திருக்கிறது. களிமண் கூடினால் கோடு மெலிந்து கடினமாகும், அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் கோடு கறுத்து மென்மையாகும், அது பி வரிசை. நிக்கொலாஸ்-ழாக் காண்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1795இல் காப்புரிமை பெற்ற இந்தக் கலவை முறைதான் இன்றும் அடிப்படை. நீர்வண்ணத்துக்குப் போகும்போது மட்டும் தாளில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளை வாங்குங்கள், மெல்லிய தாள் ஈரம் பட்டதும் அலையலையாக நெளிந்துவிடும். அந்த நெளிவைத் தம் கையின் குறை என்று நினைத்துக்கொண்டு வண்ணத்தையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். பெரிய பெட்டி வேண்டாம். வாங்கும்போது கிடைக்கும் நிறைவு, வரைந்துவிட்டதுபோன்ற ஒரு பொய்த் திருப்தியைத் தந்துவிடும். திறக்கப்படாத ஒரு நாற்பத்தெட்டு வண்ணப் பெட்டி என் வீட்டிலும் இருக்கிறது.

கேள்வி: படிப்பு முடிந்த கையோடு குரோஷே பின்னலைக் கற்றுக்கொண்டேன். மிகவும் பிடித்திருந்தது. தோழிகள் சொன்னார்கள் என்று சமூக ஊடகத்தில் தினமும் படம் போடத் தொடங்கினேன். விருப்பக்குறிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. இப்போது ஊசியைத் தொடவே அலுப்பாக இருக்கிறது. புத்தாண்டில் இதை விட்டுவிடலாமா, அல்லது விற்பனையாக மாற்றலாமா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன்: பின்னுவதில் அலுப்பா, காட்டுவதில் அலுப்பா? உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் இரண்டாவது என்றே தோன்றுகிறது.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. வண்ணப் பேனாக்களால் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்து மூன்று பிரிவாக்கினார்கள். வரைந்தால் பொன்னிற முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு பிரிவுக்கு முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, சான்றிதழ் என்ற பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில் அந்தப் பேனாக்களை மீண்டும் மேசைமேல் வைத்துக் கவனித்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதியே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. கெடுத்தது சான்றிதழ் அல்ல, அதற்காகத்தான் வரைகிறோம் என்று குழந்தை தனக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணம்.

நீங்கள் குழந்தை அல்ல. விருப்பக்குறியும் பொன் முத்திரையும் ஒன்றல்ல. ஆனால் மாலை ஆறு மணிக்குப் படம் போட்டாகவேண்டும் என்று பின்னத் தொடங்கிய நாளில், உங்களுக்கும் ஏதோ ஒன்று முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டுவிட்டது. மூன்று மாதம் யாருக்கும் காட்டாமல் பின்னிப் பாருங்கள். படத்தில் நன்றாக வராத நிறம், விற்க முடியாத அளவு, யாருக்கும் பயன்படாத ஏதோ ஒரு வடிவம் என்று வேண்டுமென்றே தேர்ந்தெடுங்கள். தவறிய கண்ணியைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பின்னும்போது, அவசரம் இல்லாத கைக்கு அது எவ்வளவு சுகமான வேலை என்பது மறுபடி தெரியவரும். மூன்று மாதத்துக்குப் பின்னும் விற்கும் ஆசை இருந்தால் தாராளமாக விற்கலாம். ஆனால் விற்பதற்கு ஒரு கூடை, உங்களுக்கென்று ஒரு கூடை எனப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒலிப்புத்தகம் கேட்பதை 'வாசித்த புத்தகம்' என்று கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: கணக்கை யாரிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள்?

கேள்வி: கிட்டார், சிறுகதை எழுதுதல், ஒளிப்படக்கலை, ஒரு புதிய மொழி, களிமண் சிற்பம் ஆகிய ஐந்தையும் படிப்பு முடிந்ததும் கற்பது என்று நான்கு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வைத்திருந்தேன். இப்போது வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டதால் மாலையில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. ஐந்தையும் எப்படிப் பங்கிடுவது?

பதில்: பங்கிடாதீர்கள். ஐந்துக்கும் பன்னிரண்டு நிமிடம் என்று அட்டவணை போடுபவர்களை அறிவேன். அது கால அட்டவணை ஒட்டிய பழைய வகுப்பறைச் சுவர். ஒன்றை மட்டும் கையில் எடுங்கள். இன்னொன்றை விருந்தாளியாக வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை மனம் போனபோது போய்ப் பாருங்கள். மற்ற மூன்றும் ஓராண்டு காத்திருப்பதால் கெட்டுப்போகாது.

எந்த ஒன்று என்பதற்கு அறிவுரையைவிட நல்ல சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பழைய கல்லூரி நோட்டுகளை எடைக்குப் போடுமுன் அவற்றின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். விரிவுரை சலித்த பிற்பகல்களில், யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டும் எண்ணமில்லாமல் கை தானாகச் செய்த வேலை அங்கே பதிந்திருக்கும். சிலருடைய நோட்டில் முன் வரிசை மாணவரின் பின்னந்தலை திரும்பத் திரும்ப வரையப்பட்டிருக்கும். சிலருடையதில் பாட்டு வரிகள். சிலருடையதில் பேராசிரியர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை 'ஆகவே' என்றார் என்ற கணக்கும், அதிலிருந்து கிளம்பிய ஒரு குட்டிக் கதையும். ஐந்து ஆசைகளுள் அந்தப் பக்கத்துக்கு நெருக்கமானது எதுவோ அதை முதலில் எடுங்கள்.

அது கிட்டாராக இருந்தால் ஓர் எச்சரிக்கை. முதல் சில வாரங்கள் இடது கை விரல்நுனிகள் வலிக்கும். தோல் தடித்துப் பழகும்வரை அந்த வலி எல்லோருக்கும் உண்டு, உங்களுக்குத் திறமை இல்லை என்பதற்கு அது அடையாளமல்ல. எஃகுத் தந்தியைவிட நைலான் தந்தி விரலுக்கு இதமானது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் மீட்டுவதைவிட, தினமும் பதினைந்து நிமிடம் மீட்டுவது விரலுக்கும் நல்லது, நினைவுக்கும் நல்லது.

கேள்வி: பட்டம் பெற்று எட்டு மாதமாகிறது, இன்னும் வேலை கிடைக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு சிறுகதை எழுதத் தொடங்கி, முதல் பத்தியோடு நிறுத்தியிருந்தேன். மழை பெய்யும் இரவில் ஒருவர் கதவைத் தட்டுகிறார், அவ்வளவுதான். இந்த ஆண்டு அதை முடிக்க ஆசை. ஆனால் நோட்டை எடுத்தாலே, வேலை தேடவேண்டிய நேரத்தில் கதை எழுதுகிறோமே என்று மனம் உறுத்துகிறது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே இன்னும் உறுத்துகிறது. வேலை கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: இதே நோட்டைப் பற்றி இரண்டாம் ஆண்டில், தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். வேலை கிடைத்ததும், பணி நிரந்தரமானபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தள்ளிப்போடுவதற்கு அடுத்த காரணம் எப்போதும் தயாராகவே இருக்கும். இப்போதைய காரணத்துக்கு மட்டும் விசேஷ மதிப்புக் கொடுக்கவேண்டியதில்லை.

உறுத்தல் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். எட்டு மாதம் காத்திருப்பது எவ்வளவு நீளம் என்பது காத்திருப்பவருக்கே தெரியும். ஆனால் விண்ணப்பங்கள் எழுதுவது, நேர்காணலுக்குத் தயாராவது, தெரிந்தவர்களிடம் விசாரிப்பது ஆகியவற்றை ஒருவர் நாளெல்லாம் செய்துகொண்டிருக்க முடியாது. மீதி நேரம் முழுவதும் வேலை தேடுவதாக நினைத்துக்கொண்டு கைப்பேசியைத் துழாவுவதிலேயே கழிகிறது. அந்தத் துழாவலிலிருந்துதான் கதைக்கு அரை மணி நேரம் எடுக்கச் சொல்கிறேன், வேலை தேடும் நேரத்திலிருந்து அல்ல. வேலை தேடும் பணிக்குக் காலையில் ஒரு நேரம் குறித்து, அதற்கு ஒரு முடிவு நேரமும் குறித்துவிடுங்கள். முடிவு நேரம் இல்லாத வேலைதான் நாள் முழுவதும் உறுத்தும். மாலையில், குறித்த ஒரு மணிக்கு, அரை மணி நேரம் கதை. வீட்டில் உள்ளவர்களிடமும் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்யும்போதுதான் அவர்களுடைய மௌனத்துக்கு நாமே பொருள் கற்பித்துக்கொள்கிறோம்.

கதை நல்ல கதையா என்று இப்போது பார்க்கவேண்டாம். முதல் படியை யாரிடமும் காட்டவேண்டாம், போட்டிக்கு அனுப்பும் எண்ணமும் வேண்டாம். முதல் நாள் அரை மணி நேரத்தில், கதவுக்கு உள்ளே இருப்பவர் அந்தத் தட்டலைக் கேட்டபோது கையில் என்ன வைத்திருந்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் நாள் தாழ்ப்பாளைத் திறக்கட்டும்.